ஓசையைச் சுமந்தவர்க்கு ஓரமும் இல்லையா?

விமான நிலையம் ஒன்று ஊரைவிட்டு நீங்குமானால், அது விட்டுச் செல்லும் நிலம் யாருக்குரியது? பத்திரம் வைத்திருக்கும் அரசுக்கா? பணம் வைத்திருக்கும் வணிகனுக்கா? அந்த நிலையத்தின் பொருட்டு எழுபதாண்டுகளுக்கு மேல் இன்னலுற்ற அண்டை அயலாருக்கா? ஹாங்காங்கின் பழைய கைடாக் விமான நிலையம் புதியதொரு நகர்ப்பகுதியாக மாறிவரும் சிறப்பைப் பற்றி எழுதப்பெறும் புகழுரைகளைக் காணுந்தோறும் நாம் இவ்வினாவையே எழுப்ப வேண்டியவர்களாகிறோம். புகழ்வோர் இதற்கு விடை கூறுவதில்லை. ஓடுதளம் இருந்த இடத்தில் எத்தனை மாடிகள் எழுந்தன, ஒரு சதுர அடி என்ன விலைக்குப் போயிற்று, விளையாட்டரங்கில் எத்தனை இருக்கைகள் என்பவற்றையே எண்ணி எண்ணி மகிழ்கிறார்கள். கட்டடத்தை அளக்கத் தெரிந்த இவர்களிடம் நியாயத்தை அளக்கும் கோல் இல்லை போலும்!

அந்தக் கோல் ஒன்று நம்மிடம் உண்டு. அரபு மொழியில் 'குன்ம்' என்றால் ஆதாயம். 'குர்ம்' என்றால் சுமை, இழப்பு. இரண்டுக்கும் இடையே ஓரெழுத்தே வேறுபாடு. மதரஸாவில் சட்டக்கலை பயிலும் மாணவன் மனனம் செய்யும் விதிகளுள் ஒன்று இவ்விரு சொற்களையும் பிணைத்து வைக்கிறது. சுமையை எவன் தாங்கினானோ, ஆதாயமும் அவனையே சாரும் என்பது அதன் கருத்து. இஃது ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய விதியன்று. பனையேறியவன் ஒருவன், நுங்கு தின்றவன் வேறொருவன் என்றால், நம் ஊர்ச் சிறுபிள்ளையும் 'இது முறையா?' என்று கேட்கும். கைடாக்கை இக்கோலால் அளந்து பார்ப்பதே நம் நோக்கம்.

கைடாக் நம் வாசகர்களுக்கு முற்றிலும் அயலான பெயரன்று. காயல்பட்டினம் முதலான நம் கடற்கரை ஊர்களிலிருந்து வணிகம் நாடி ஹாங்காங் சென்றோர் பலர். 1998-க்கு முன் விமானத்தில் அங்குச் சென்று இறங்கிய எவருக்கும் கைடாக்கே தலைவாசல். குன்றின்மீது தீட்டப்பட்டிருந்த செவ்வெள்ளைக் கட்டங்களைக் குறியாகக் கொண்டு விமானம் சட்டென்று வலப்புறம் திரும்பி, மாடி வீடுகளின் கூரைகளை உரசுவதுபோல் தாழ்ந்து இறங்கியதை அவர்கள் வியந்து சொல்லக் கேட்ட குடும்பங்கள் நம்மிடையே இருக்கும். மேலே இருந்து கண்டவர்களுக்கு அது வியப்பு. அந்தக் கூரைகளுக்குக் கீழே வாழ்ந்தவர்களுக்கு?

நிலத்தின் பழைய கணக்கு

கவுலூன் விரிகுடாவின் கடலைத் தூர்த்து எடுக்கப்பட்ட நிலம் இது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹோ கை என்ற அறிஞரும் ஆவ் டாக் என்ற வணிகரும் அம்முயற்சிக்கு வித்திட்டனர். அவ்விருவர் பெயரின் இணைப்பே 'கைடாக்' என்பது. அவர்கள் கருதியது விமானத்தையன்று, வீடுகளையே. அந்தக் குடியிருப்புத் திட்டம் எதிர்பார்த்தபடி செழிக்கவில்லை. 1920-களில் நிலம் அரசின் கைக்கு வந்தது. 1925 முதல் அங்கே விமானங்கள் பறந்தன. மனிதர் குடியிருக்க எடுத்த மண்ணில் இயந்திரம் குடியேறிற்று.

இரண்டாம் உலகப்போரில் ஹாங்காங்கைக் கைப்பற்றிய ஜப்பானியப் படையினர், விமானத் தளத்தை விரிவாக்குவதற்காகச் சுற்றுப்புறத்துச் சிற்றூர்களை அழித்தனர். கவுலூன் கோட்டைநகரின் மதிற்கற்களைப் பெயர்த்தெடுத்தனர். சுங் வம்சத்தின் இறுதி நாள்களில் அடைக்கலம் தேடி வந்த இளவரசர்களின் நினைவாக மக்கள் போற்றிய 'சுங் வோங் டோய்' குன்றை வெடிவைத்துத் தகர்த்தனர். போர்க்கைதிகளையும் அவ்வேலையில் ஈடுபடுத்தினர். எழுத்துப் பொறித்த பாறைத்துண்டு ஒன்றே எஞ்சியது. அஃது இன்று ஒரு சிறு பூங்காவில் நிற்கிறது. ஆக, கைடாக்கின் ஓடுதளத்துக்கு அடியில் பிறருடைய வீடும் மதிலும் நினைவும் புதைந்துள்ளன.

1958-இல் கடலுக்குள் நீண்ட புதிய ஓடுதளம் திறக்கப்பட்டது. 1970-களில் அது 3,390 மீட்டர் நீளத்துக்கு வளர்ந்தது. ஜெட் விமானங்கள் வந்தன, பயணிகள் பெருகினர், 1996-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3 கோடிப் பேர் அவ்வழியே சென்றனர். ஹாங்காங்கின் செல்வச் செழிப்புக்கு வாயிலாக இருந்தது கைடாக் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். உண்மைதான். ஆனால் அந்த வாயிலின் கதவு யாருடைய செவியில் அடித்து அடித்துத் திறந்தது என்பதையும் அவர்கள் எழுத வேண்டும்.

கவுலூன் நகர், டோ குவா வான், சான் போ காங் ஆகிய பகுதிகளில் வாழ்ந்தோர் செல்வந்தர் அல்லர். 1949-ஐ ஒட்டிச் சீனாவிலிருந்து ஓடிவந்த அகதிகளும் ஆலைத் தொழிலாளரும் சிறு வணிகரும் அவர்கள். சில நிமிடங்களுக்கு ஒரு முறை விமானம் தலைக்கு மேல் இரைந்து செல்லும். பேச்சு நிற்கும், தொலைபேசியில் சொன்ன சொல் பாதியில் மறையும், உறங்கிய குழந்தை திடுக்கிட்டு அழும். விமானப் பாதைக்காக அங்கே கட்டடங்களின் உயரமும் கட்டுப்படுத்தப்பட்டது. போதாக்குறைக்கு, ஆலைக் கழிவும் சாக்கடையும் கலந்த கைடாக் ஓடையின் நாற்றம் வேறு. 1993 நவம்பரில் ஒரு பெரிய விமானம் ஓடுதளத்தில் நிற்க முடியாமல் கடலுக்குள் பாய்ந்தது. அதில் இருந்தோர் இறையருளால் உயிர் பிழைத்தனர். ஆனால் குடியிருப்பின் கூரைமேல் அப்படி ஒன்று நிகழ்ந்திருந்தால் என்னவாகும் என்ற அச்சத்தோடுதான் அம்மக்கள் ஒவ்வோர் இரவும் கண்ணயர்ந்தனர்.

இதுவே 'குர்ம்' என்னும் சுமை. 73 ஆண்டுகள் சுமந்தார்கள். 1998 ஜூலை 6-இல் புதிய விமான நிலையம் தொலைவிலுள்ள செக் லாப் கோக் தீவில் செயல்படத் தொடங்க, கைடாக் அடங்கிற்று. இனி ஆதாயத்தின் காலம். அந்த ஆதாயம் எங்கே போயிற்று?

நல்லதை மறைக்கமாட்டோம்

எதிர்த்து எழுதுகிறவன் நல்லதை மறைப்பது முறையன்று. கைடாக்கில் நன்மைகளும் நிகழ்ந்துள்ளன. முதற்கண், கடல் பிழைத்தது. முந்தைய திட்டங்கள் கவுலூன் விரிகுடாவின் பெரும்பகுதியை மேலும் தூர்த்து 3 லட்சத்துக்கு மேற்பட்டோரைக் குடியமர்த்தக் கருதின. துறைமுகத்தைக் காக்கும் சட்டம் 1997-இல் இயற்றப்பட்டது. துறைமுகப் பாதுகாப்புச் சங்கத்தார் வழக்காடினர். தவிர்க்கவொண்ணாத பொதுத்தேவை மெய்ப்பிக்கப்பட்டாலன்றித் துறைமுகத்தைத் தூர்க்கலாகாது என்று 2004 ஜனவரியில் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது வேறொரு கரையைப் பற்றிய வழக்கே எனினும், அதன் விளைவாகக் கைடாக் திட்டமும் கடலைத் தூர்க்காமல் திருத்தி வரையப்பட்டது. 320 ஹெக்டேர் பரப்புள்ள அத்திட்டம் 2007-இல் ஒப்புதல் பெற்றது.

நாறிக் கிடந்த ஓடை தூய்மை பெற்றுக் 'கைடாக் ஆறு' எனப் பெயர் பெற்றது. 1870-களில் கட்டப்பட்ட லுங் சுன் கற்பாலத்தின் எச்சங்கள் 2008-இல் மண்ணுக்கடியில் கண்டறியப்பட்டுப் பாதுகாக்கப்பட்டன. 2014-இல் ரயில் நிலையம் தோண்டியபோது சுங், யுவான் காலத்துக் கிணறுகள் வெளிப்பட்டன. குழந்தைகளுக்கான மருத்துவமனை 2018 டிசம்பரில் பணி தொடங்கிற்று. 2020-இலும் 2021-இலும் ரயில் வந்தது. 50,000 பேர் அமரும் பேரரங்கைக் கொண்ட விளையாட்டுப் பூங்கா, ஏறத்தாழ 3,000 கோடி ஹாங்காங் டாலர் செலவில், 2025 மார்ச் 1-இல் திறக்கப்பட்டது. இவற்றை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். மருத்துவமனையும் ரயிலும் எல்லார்க்கும் பொது.

ஆனால் ஒரு நகர்ப்பகுதியின் நெஞ்சம் அதன் அரங்கில் இல்லை. அங்கே இரவு விளக்கேற்றிப் படுப்பவர் யார் என்பதில் இருக்கிறது.

ஏலத்தின் நீதி

ஹாங்காங்கில் மண் முழுதும், அரிதான ஒரு விலக்கு நீங்கலாக, அரசுடையது. அரசு அதைக் குத்தகைக்கு விடும். மிகுந்த தொகை கேட்பவர்க்கு மனை கிடைக்கும். கைடாக்கிலும் அவ்வாறே. கடலை இருபுறமும் நோக்கி நிற்கும் ஓடுதளப் பகுதியின் குடியிருப்பு மனைகள் பெருநிறுவனங்களின் கைக்குச் சென்றன. வரைபடம் எப்படி அமைய வேண்டும் என்று 2004-க்குப் பின் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள் என்பது மெய். ஆனால் மனை யாருடைய கையில் சேரும் என்பதை மக்களின் கருத்து முடிவு செய்யவில்லை. மூடி முத்திரையிட்ட உறைக்குள் இருந்த தொகையே முடிவு செய்தது.

அந்தத் தொகைகள் எத்தகையவை? சீனப் பெருநிலத்தைச் சேர்ந்த எச்.என்.ஏ. குழுமம் 2016 நவம்பர் தொடங்கிச் சில திங்களுக்குள் கைடாக்கில் நான்கு மனைகளை ஏறத்தாழ 2,720 கோடி ஹாங்காங் டாலருக்கு வளைத்துப் போட்டது. அந்த விலை கேட்டு நகரமே மூக்கின்மேல் விரல் வைத்தது. ஓராண்டு கழிந்தது. குழுமத்துக்குக் கடன் நெருக்கடி. வீடு கட்டி முடித்து ஒரு குடும்பத்தைக் குடியேற்றுமுன்பே, 2018 பிப்ரவரியில் அவற்றுள் இரண்டு மனைகள் ஏறத்தாழ 1,600 கோடி டாலருக்குக் கைமாறின. 2019-இல் மற்றொரு நிறுவனம் ஓடுதளத்து வணிக மனை ஒன்றை 1,110 கோடி டாலருக்குக் கேட்டு வென்றது. சில வாரங்களில் நகரின் நிலைமை சரியில்லை என்று கூறி, முன்பணமாகக் கட்டிய 2.5 கோடி டாலரையும் இழந்து விலகிக்கொண்டது. நிலம் அங்கே மண்ணாக இல்லை, பந்தயக் காயாக இருந்தது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இதற்கு அரசின் ஆதரவாளர் கூறும் மறுமொழியை நாம் அறிவோம். "மனை விற்ற பணம் கருவூலத்துக்கே செல்கிறது. சில ஆண்டுகளில் அரசு வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அதிலிருந்தே வருகிறது. அதனால்தான் வரி குறைவு, அதிலிருந்துதான் மருத்துவமனையும் ஏழைக்கு வீடும்" என்பர். இது வலுவான வாதமே, ஒதுக்கிவிடத் தக்கதன்று. ஆனால் ஒன்று கேட்போம். மனைக்குக் கொடுத்த பெருந்தொகையை நிறுவனத்தார் தம் கைப்பொருளாகத் தானம் செய்தார்களா? வீட்டின் விலையில் அதை ஏற்றினார்கள். வீட்டின் விலை வாடகையை ஏற்றியது. வாடகை ஏறியதும், ஒரு வீட்டைப் பல தடுப்புகளாகப் பிரித்து வாடகைக்கு விடும் வழக்கம் பெருகிற்று. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அத்தகைய தடுப்பு வீடுகளில் வாழ்வோர் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர். ஹாங்காங் மக்களுக்குத் தலைக்குச் சராசரியாக 16 சதுர மீட்டர் இடம் என்றால், இவர்களுக்கு ஏறத்தாழ 6 சதுர மீட்டரே. அஃதாவது, வரி குறைவென்று பெருமை பேசும் நகரில் வரி இல்லாமற் போகவில்லை. செல்வந்தன் வருமானத்தில் விதிக்கப்பட வேண்டிய வரி, ஏழையின் வாடகைச் சீட்டில் மறைந்து நிற்கிறது. முதலில் அவன் இடத்தைப் பறித்து, அந்த விலையில் ஒரு பங்கை அவனுக்கே ஈந்து, அதை அறம் என்று சொல்லுவதை நாம் ஏற்கமாட்டோம்.

ஏழைக்குக் கிடைத்த பங்கு

கைடாக்கில் ஏழைக்கு ஒன்றுமே இல்லையா எனின், உண்டு. காய் சிங், டாக் லோங் என்ற இரு அரசு வாடகைக் குடியிருப்புகள் 2013 முதல் மக்களை ஏற்றன. இரண்டிலும் சேர்த்து 13,000-க்கும் மேற்பட்ட வீடுகள். அவை பழைய விமான நிலையத்தின் வடபகுதியில், ஓடுதளத்தின் கடற்காட்சிக்கு அப்பால், உட்புறமாக அமைந்தவை. ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் அங்கே குடியேறி மகிழ்ந்தனர்.

அம்மகிழ்ச்சி எத்தனை நாள்? 2015 ஜூலையில் காய் சிங்கின் குடிநீரில் ஈயம் கலந்திருப்பது வெளிப்பட்டது. குழாய் இணைப்புகளைப் பற்றவைக்க ஈயம் கலந்த பற்றுப்பொருளைப் பயன்படுத்தியதே காரணம். தேடத் தேட 11 அரசுக் குடியிருப்புகளில் அதே குறை. விசாரணை ஆணையம் அமர்ந்து, கண்காணிப்பு தவறியதை 2016-இல் எடுத்துரைத்தது. கருவுற்ற தாயரும் பால்குடி மாறாத குழந்தைகளும் இரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நின்றனர். கடல் நோக்கிய மாளிகைக்கு ஒரு சதுர அடிக்கு இன்ன பளிங்கு என்று கணக்கிடும் ஊரில், ஏழையின் குழாயை உற்றுப் பார்க்க ஒருவர் இல்லை! விமானத்தின் ஓசை நின்ற மண்ணில், ஓசையில்லாத நஞ்சு குடத்தில் இறங்கிற்று.

அண்டை வீட்டார் எழுப்பிய கூச்சல்

இனி நாம் முதன்மையாகச் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். 2022-இல் அரசு வீட்டுக்காகக் காத்திருப்போரின் சராசரிக் காலம் 6 ஆண்டுகளைத் தாண்டிற்று. அவ்வாண்டு அக்டோபரில் அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. உடனடியாகப் பயன்படாத அரசு நிலங்களில், ஆலையில் செய்த பகுதிகளைப் பொருத்தி விரைவாகக் கட்டும் 30,000 'எளிய பொது வீடுகள்' ஐந்தாண்டுகளுக்குள் எழும். மூன்றாண்டுகளுக்கு மேல் காத்திருப்போர்க்கு அவற்றில் இடம் என்றது. அவற்றுள் ஏறத்தாழ 10,700 வீடுகளுக்குக் கைடாக்கில் ஒலிம்பிக் சாலையை ஒட்டிய வெற்று நிலம் குறிக்கப்பட்டது.

2023-இன் தொடக்கத்தில் எதிர்ப்புப் பிறந்தது. எதிர்த்தோர் விமானத்தின் இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவர்களா என்றால், அவர்களுள் பெரும்பாலார் அண்மையில் எழுந்த தனியார் மாடிகளில் வீடு வாங்கியவர்கள். "இந்த இடம் வணிக வளாகத்துக்கென்று சொல்லித்தான் எங்களுக்கு வீடு விற்றார்கள், போக்குவரத்து நெரியும், சுற்றுப்புறத்தின் தரம் தாழும், எங்கள் வீட்டின் விலை வீழும்" என்று மனுக் கொடுத்தார்கள், கூட்டம் கூட்டினார்கள். வேறெங்காவது கொண்டுபோய்க் கட்டுங்கள் என்றார்கள்.

இவ்வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம். போக்குவரத்து என்பது மெய்யான கவலை. ஓடுதளப் பகுதிக்கென்று பேசப்பட்ட உயர்மட்ட ரயில் திட்டம் 2020-இல் கைவிடப்பட்டது. 2023 ஆகஸ்டில் கப்பல் முனையத்தில் இறங்கிய சுற்றுலாப் பயணிகள் வண்டி கிடைக்காமல் நெடுநேரம் தவித்தனர். ஆனால் அதற்குப் பரிகாரம் வண்டி விடுவது, ஏழையை விரட்டுவதன்று. பேருந்து போதவில்லை என்பதற்காகச் செல்வந்தரின் மாடிகளுள் ஒன்றையேனும் கட்டாமல் நிறுத்தினார்களா?

வாக்குறுதி என்பது அடுத்த வாதம். கைடாக் வரைபடம் கல்லில் வெட்டிய சாசனம் அன்று. அது பன்முறை திருத்தப்பட்டது. ஓடுதளத்தில் வணிகத்துக்கென்று குறிக்கப்பட்ட மனைகள் சில, வாங்குவார் இல்லாத நிலையில், பின்னர்க் குடியிருப்புக்கென்று மாற்றப்பட்டன. விலையுயர்ந்த வீட்டுக்காக வளையக்கூடிய வரைபடம், எளியவன் வரும்போது மட்டும் வளையாத இரும்பாக வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? அதுவும் சில ஆண்டுகளுக்கு மட்டுமே என்று கட்டப்படும் தற்காலிக வீட்டுக்கு!

மூன்றாவது, தரமும் விலையும். 'தரம் தாழும்' என்ற சொல்லைத்தான் நாம் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வரப்போகிறவர் யார்? அதே மாநகரின் உணவகத்தில் பாத்திரம் துலக்குபவர், முதியோரைத் தூக்கி அமர்த்துபவர், அந்த உயர்மாடிகளைக் கட்டிய தொழிலாளர். கவுலூனின் தடுப்பு அறைகளில் பிள்ளைகளோடு நெருங்கிக் கிடப்பவர். நம் தெற்காசியாவிலிருந்து சென்று குடியேறிய குடும்பங்களும் அத்தகைய அறைகளில் வாழ்கின்றன. வீடு வாங்கியவன் நான்கு சுவரை வாங்குகிறான். சன்னலுக்கு வெளியே யார் நடக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமையை அவனுக்கு எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. அண்டை வீட்டாரின் ஹக்கு என்று நம் இல்லங்களில் பேசுகிறோமே, அது நமக்குப் பிடித்த அண்டை வீட்டாருக்கு மட்டும் உரியதா?

எனினும், அந்த வீட்டுக்காரர்களை மட்டும் குற்றக்கூண்டில் நிறுத்தி நாம் அமைதியடைய மாட்டோம். அவர்களுள் பலர் கோடீசுவரர் அல்லர். கணவனும் மனைவியும் உழைத்து, முப்பதாண்டுக் கடன் சுமந்து, சிறியதொரு வீட்டை வாங்கியவர்கள். ஏலத்தில் ஏறிய மனை விலையின் சுமை இறுதியில் அவர்கள் தோளில் இறங்கிற்று. வீட்டின் விலை சற்றே வீழ்ந்தாலும் தம் ஆயுளின் உழைப்பு கரைந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சமே, அறை இல்லாத ஏழையைப் பகைவனாக அவர்களுக்குக் காட்டுகிறது. ஒருவனுக்குத் தாங்கொணா விலை. மற்றவனுக்கு முடிவில்லாக் காத்திருப்பு. இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது ஏலம். மோதுபவர் இருவர், தொலைவில் நின்று தொகையை எண்ணியவர் வேறு. அரசு எதிர்ப்பைக் கடந்து திட்டத்தை முன்னெடுத்தது நன்று. ஆனால் இந்தப் பகையை விளைத்த ஏலமுறையைத் தொடாமல், பகையின் நடுவே தற்காலிக வீட்டை மட்டும் கட்டுவது, தீயின்மேல் ஓலைப்பாயை விரிப்பது போன்றது.

கல்லுக்குக் கிடைத்த மதிப்பு

பழைய அண்டை அயலார் என்ன ஆனார்கள்? கைடாக்கை அடுத்த டோ குவா வானில், 2010 ஜனவரி 29-இல் பழைய கட்டடம் ஒன்று பகலிலேயே சரிந்து நால்வரைப் பலிகொண்டது. சிறிது தொலைவில் ஆகாயத்தை அளாவும் புதுநகரின் வரைபடங்கள் தீட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதன்பின் அப்பகுதியில் பழையன இடித்துப் புதியன கட்டும் திட்டங்கள் வேகம் பெற்றன. சான் போ காங்கை ஒட்டியிருந்த, பல நூற்றாண்டுத் தொன்மையுடைய நா சின் வாய் மதிற்சிற்றூர் 2016-இல் காலி செய்யப்பட்டது. 2022 மே மாதத்தில், தாய்லாந்தினரும் தியோச்சியூ மக்களும் உணவகமும் மளிகையும் வைத்து வளர்த்த கவுலூன் நகர்த் தெருக்களும் சீரமைப்புப் பட்டியலில் இடம்பெற்றன.

பழுதடைந்த கட்டடத்தைச் சீர்செய்ய வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உயிரைக் குடிக்கும் கூரையை இடிக்கத்தான் வேண்டும். நம் வழக்கு வேறு. விமானம் தலைக்குமேல் பறந்தவரை இந்தத் தெருக்களை ஏறெடுத்துப் பார்ப்பாரில்லை. விமானம் போய், உயரக் கட்டுப்பாடு தளர்ந்து, பக்கத்தில் புதுநகர் எழுந்ததும், அதே தெருக்கள் பொன்விளையும் பூமியாயின. விலை ஏறிற்று, வாடகைக்கு இருந்தவன் வெளியேற வேண்டியவனானான். இலவு காத்த கிளிக்கேனும் பஞ்சு பறக்கும் காட்சி மிச்சம். இவர்களுக்குக் கிளையும் மிச்சமில்லை. கற்பாலத்தின் எச்சத்தைக் காத்தார்கள், கிணற்றைக் காத்தார்கள்; நல்லது. அந்தக் கிணற்றங்கரைத் தெருவில் அரை நூற்றாண்டு குடியிருந்தவனையும் ஒரு நினைவுச் சின்னமாகவேனும் கருதிக் காத்திருக்கலாகாதா?

'உலகெங்கும் இப்படித்தான்' என்று எவரும் சொல்ல வேண்டாம். பெர்லின் நகரின் டெம்பல்ஹோஃப் விமான நிலையம் 2008-இல் மூடப்பட்டு, 2010-இல் அதன் பரந்த திடல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அத்திடலின் ஓரத்தில் துருக்கி முஸ்லிம்களின் தொன்மையான அடக்கத்தலமும் பள்ளிவாசலும் இருப்பது நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாகும். நகர அரசு திடலின் விளிம்புகளில் 4,700 வீடுகள் வரை கட்டக் கருதியபோது, 2014 மே 25-இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. 64 விழுக்காட்டினர் கட்டக்கூடாது என்றனர். அம்முடிவு சரியா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். வீட்டுப் பஞ்சம் பெர்லினிலும் உண்டு. அங்கே விவாதம் மீண்டும் எழுந்துள்ளது. நாம் அங்கே காணும் பாடம் ஒன்றே: நிலத்தின் கதியைப் பற்றிய இறுதிச் சொல்லை, அந்நிலத்தின் ஓரத்தில் வாழ்ந்த மக்கள் சொன்னார்கள், ஏல உறை சொல்லவில்லை.

நாம் கேட்பது

கைடாக் இன்னும் நிறைவு பெறவில்லை. விற்கப்படாத மனைகள் உள்ளன. ஆகவே நம் சொல் காலங்கடந்ததன்று. எஞ்சிய மனைகளில் நிலையான வாடகை வீடுகளே முதலிடம் பெறட்டும். அவை ஒதுக்குப்புறத்தில் மட்டுமன்றிக் கடலோரத்திலும் எழட்டும். டோ குவா வானிலும் கவுலூன் நகரிலும் இடிபாட்டுக்கு ஆளாகும் வீடுகளில் இருப்போருக்கு, வாடகைக்கு இருப்பவராயினும், நடந்து செல்லும் தொலைவிலேயே மாற்று வீடு தரப்படட்டும். தற்காலிக வீட்டில் அமர்த்தப்படுவோர்க்கு, அடுத்து எங்கே, எப்போது என்ற வாக்குறுதி எழுத்தில் கொடுக்கப்படட்டும். மனை விற்ற தொகையில் எவ்வளவு எந்த வீட்டுக்குப் போயிற்று என்பது ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கப்படட்டும். பொதுநிலம் அரசின் கையில் ஓர் அமானிதம். அமானிதத்தை ஏலத்தில் விட்டு, 'நல்ல விலை கிடைத்தது' என்று பெருமை கொள்ளும் பொறுப்பாளனை எந்த மஹல்லாவும் மன்னிக்காது.

புகழ்வோர் புகழட்டும். நாம் கணக்கைக் கேட்டுக்கொண்டே இருப்போம். 73 ஆண்டுகள் விமானத்தின் இரைச்சலைச் சுமந்த செவிகள் கவுலூனில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவர்களுக்குரிய ஆதாயம் அரங்கின் இருக்கையிலும் மாளிகையின் பலகணியிலும் தீர்ந்துவிடவில்லை. அமைதியான ஓர் இரவும், தம் பெயரில் ஒரு கதவும் அவர்களுக்கு நிலுவையில் இருக்கின்றன. அந்த நிலுவையைத் தீர்க்காதவரை, கைடாக்கை ஒரு நகரம் என்று சொல்ல நம் நா எழவில்லை.